ஓசையை அளந்த சேபைன்

நள்ளிரவு நேரம்.

ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. கடைசி டிராம் வண்டியும் போய்விட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

அந்த நேரத்தில் ஒரு நாடக மண்டபத்தின் கதவு திறந்தது. சில ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்கள் கை நிறைய மெத்தைகள்! பக்கத்திலிருந்த இன்னொரு கட்டிடத்துக்குள் அவற்றைக் கொண்டு போய் வைத்தார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் மெத்தைகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் திருடர்களா? இல்லை!

முன்னால் நின்று வேலை வாங்கியவர் பல்கலைக்கழக ஆசிரியர். மற்றவர்கள் அவருடைய உதவியாளர்கள். பொழுது விடிவதற்குள் அத்தனை மெத்தைகளும் பழையபடி நாடக மண்டபத்தின் நாற்காலிகளுக்குத் திரும்பிவிடும். காலையில் அங்கு வருபவர்களுக்கு இரவில் நடந்தது எதுவும் தெரியாது.

இப்படி ஒரு இரவு அல்ல, இரண்டு இரவு அல்ல. ஆண்டுக் கணக்கில் நடந்தது.

அந்த ஆசிரியரின் பெயர் வாலஸ் கிளமெண்ட் சேபைன். ஓசையை அளந்தவர் அவர். பெரிய மண்டபங்களில் பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்பதற்கு வழி கண்டவர். கட்டிடங்களில் காற்றை உள்ளே தள்ளும் இயந்திரங்களின் இரைச்சலை அடக்க இன்று என்ஜினீயர்கள் போடும் கணக்குக்கும் அவர் போட்ட கணக்கே அடிப்படை.

மெத்தைக்கும் ஓசைக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் அவருடைய கதை.

தாயின் ஆசை

அமெரிக்காவில் ஓகியோ மாநிலம். அங்கே ரிச்வுட் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் 1868-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதி சேபைன் பிறந்தார்.

தந்தை பெயர் ஹைலஸ் சேபைன். தாய் பெயர் அன்னா.

தாய் மிகவும் உறுதியான பெண்மணி. பிள்ளைகள் படித்து உலகம் மெச்ச வாழவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை வீண் போகவில்லை. சேபைன் 18-வது வயதிலேயே ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுவிட்டார். அது 1886-ம் ஆண்டு.

பிறகு பாஸ்டன் நகரத்தை அடுத்துள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பௌதிகம் படித்தார். 1888-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டார்.

அவர் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கவே இல்லை. ஆனாலும் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஒரு பிரிவுக்குத் தலைவராகவும் உயர்ந்தார்.

சேபைன் அமைதியானவர். அதிகம் பேசமாட்டார். ஒரு வேலையை எடுத்தால் அது அப்பழுக்கு இல்லாமல் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அதை வெளியில் சொல்லமாட்டார். இந்தக் குணம் அவரை உயர்த்தியது. இந்தக் குணமே அவர் உடம்பையும் வாட்டியது.

காது கேட்காத மண்டபம்

1895-ம் ஆண்டு ஹார்வர்டில் ஒரு புதுக் கட்டிடம் திறக்கப்பட்டது. 'பாக் கலைக் காட்சிசாலை' என்று அதற்குப் பெயர். அதற்குள்ளே பாடம் நடத்துவதற்கு ஒரு பெரிய மண்டபம் கட்டியிருந்தார்கள். பார்ப்பதற்கு அழகான மண்டபம்.

ஆனால் அங்கே ஆசிரியர் பேசினால் மாணவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை!

காரணம் என்ன?

சுவர்கள் வழுவழுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தன. அவற்றில் பட்ட ஓசை திரும்பி வந்தது. எதிர்ச் சுவரில் மோதியது. மறுபடியும் திரும்பியது. இப்படி ஒரு சொல் ஐந்தரை வினாடி நேரம் மண்டபத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தரை வினாடி என்பது சின்ன நேரம் போலத் தோன்றும். ஆனால் மெதுவாகப் பேசுகிற ஒருவர்கூட அதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து அசைகளைப் பேசிவிடுவார். முதல் சொல் மறைவதற்குள் மூன்றாவது, நான்காவது சொற்களும் வந்து கலந்துவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சலாகிவிடும்.

கட்டிடத்துக்குச் செலவான பணம் பாழ். மாணவர்களுக்குப் படிப்பும் பாழ்.

அப்போது ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் எலியட். அவர் சேபைனை அழைத்தார். மண்டபத்தைச் சரிப்படுத்தும்படி சொன்னார்.

சேபைனுக்கு அப்போது வயது 27. ஓசையைப் பற்றி அவர் தனியாக ஆராய்ச்சி எதுவும் செய்தவர் அல்ல.

கம்பி வைத்தியம்

அந்தக் காலத்தில் மண்டபங்களின் ஓசை என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கட்டி முடித்தபிறகுதான் அது நல்ல மண்டபமா, கெட்ட மண்டபமா என்று தெரியும்.

கெட்ட மண்டபமாக இருந்தால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஓசை அடங்கும் என்று ஒரு நம்பிக்கை. பல ஊர்களில் அப்படிக் கட்டியும் வைத்திருந்தார்கள். பலன் ஒன்றும் இல்லை.

சேபைன் இப்படிப்பட்ட வைத்தியம் எதிலும் இறங்கவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டுத்தானே டாக்டர் மருந்து கொடுக்கிறார்? அதுபோல முதலில் ஓசையை அளக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அளப்பது எப்படி? அப்போது ஒலிபெருக்கி இல்லை. ஓசையை அளக்கும் மின்சாரக் கருவியும் இல்லை. முதலில் ஓசை பட்டால் அசையும் நெருப்புச் சுடரை வைத்துப் பார்த்தார். அது சரிப்படவில்லை.

கடைசியில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தார். அது அவருடைய காது!

இரவில் நடந்த ஆராய்ச்சி

தேவாலயங்களில் வாசிக்கும் ஆர்கன் வாத்தியத்தின் குழல் ஒன்றை மண்டபத்தில் வைத்தார். அதற்குள் சத்தம் இல்லாமல் காற்று போவதற்கு ஏற்பாடு செய்தார். குழல் ஊதும். பிறகு சட்டென்று நிறுத்தப்படும். நிறுத்திய அந்த நொடியை ஒரு கருவி தானாகப் பதிவு செய்யும்.

குழல் நின்றபிறகும் மண்டபத்தில் ஓசை சுற்றிக்கொண்டிருக்கும். சேபைன் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஓசை மெல்ல மெல்லக் குறையும். காதுக்கு ஒன்றும் கேட்காமல் போன உடனே பொத்தானை அழுத்துவார். அந்த நொடியும் பதிவாகும். இரண்டுக்கும் இடையில் உள்ளதே ஓசை தங்கும் நேரம்.

இதற்குப் பூரண அமைதி வேண்டும். பகலில் மாணவர்களின் காலடிச் சத்தம். தெருவில் டிராம் வண்டிச் சத்தம். அதனால்தான் அவர் இரவைத் தேர்ந்தெடுத்தார். ஊர் அடங்கியபிறகு ஆரம்பிப்பார். விடியற்காலையில் வண்டிகள் ஓடத் தொடங்கும்போது நிறுத்துவார். பகலில் வழக்கம்போலப் பாடம் நடத்துவார்.

இப்போது மெத்தைகளின் கதைக்கு வருவோம்.

பக்கத்தில் 'சாண்டர்ஸ் தியேட்டர்' என்ற மண்டபம் இருந்தது. அங்கே பேச்சு தெளிவாகக் கேட்கும். அதன் ஆசனங்களில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். அந்த மெத்தைகளை எடுத்து வந்து, காது கேட்காத மண்டபத்தில் பரப்பினால் என்ன ஆகும் என்று சேபைன் பார்க்க விரும்பினார்.

மெத்தை இல்லாதபோது ஓசை 5.6 வினாடி தங்கியது.

8 மீட்டர் நீளத்துக்கு மெத்தைகளைப் போட்டார். 5.3 வினாடியாகக் குறைந்தது!

இன்னும் போட்டார். இன்னும் குறைந்தது. ஆசனங்கள், தரை, சுவர் எல்லாவற்றையும் மூடினார். கடைசியில் ஒரு வினாடியை ஒட்டிக் குறைந்துவிட்டது.

கெட்டியான சுவர் ஓசையைத் திருப்பி அனுப்புகிறது. மெத்தை ஓசையைக் குடித்துவிடுகிறது. மெத்தையில் உள்ள சின்னச் சின்னத் துவாரங்களுக்குள் ஓசை நுழைகிறது. அங்கேயே தேய்ந்து, மிகச் சிறிய அளவு வெப்பமாக மாறி மறைந்துவிடுகிறது.

சட்டை செய்த குறும்பு

ஒரு சமயம் கணக்கில் குழப்பம் ஏற்பட்டது. ஒரே மண்டபம், ஒரே குழல், ஒரே காது. ஆனால் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

சேபைன் யோசித்தார். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் போட்டிருந்த உடுப்புதான் காரணம்! கனமான கோட்டு போட்ட நாளில் அது கொஞ்சம் ஓசையைக் குடித்தது. மெல்லிய உடுப்பு போட்ட நாளில் அவ்வளவு குடிக்கவில்லை.

வித்தியாசம் மிகச் சிறியது. இன்னொருவராக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். சேபைன் விடவில்லை. ஆயிரக்கணக்கான அளவுகளை வேண்டாம் என்று தள்ளினார். எத்தனையோ இரவுகள் கண் விழித்து எடுத்த அளவுகள் அவை. ஆரம்பத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

அன்று முதல் ஆராய்ச்சிக்கென்று ஒரே உடுப்பு. நீல நிறக் குளிர்காலக் கோட்டு, குறிப்பிட்ட கால்சட்டை, குறிப்பிட்ட பூட்ஸ். கோடையானாலும் அதே உடுப்புதான்!

திறந்த ஜன்னல்

துணியை அளக்க கெஜம் இருக்கிறது. அரிசியை அளக்கப் படி இருக்கிறது. ஓசையைக் குடிக்கும் சக்தியை எதைக் கொண்டு அளப்பது? சாண்டர்ஸ் தியேட்டர் மெத்தை உலகம் முழுவதும் கிடைக்காதே!

இதற்கு சேபைன் கண்ட வழி மிக அழகானது. திறந்த ஜன்னலை அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

திறந்த ஜன்னல் வழியாகப் போன ஓசை திரும்பி வருவதில்லை. ஆகவே திறந்த ஜன்னல் ஓசையை முழுவதும் குடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மெத்தை எத்தனை சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமம்? இந்தக் கம்பளம் எத்தனை சதுர அடிக்குச் சமம்? இப்படி ஒவ்வொரு பொருளையும் அளந்தார்.

சுண்ணாம்புச் சுவர், மரப் பலகை, கண்ணாடி, திரைச்சீலை எதையும் விடவில்லை. மனிதர்களையும் அளந்தார்! ஒரு மனிதர் சுமார் அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று கண்டார். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் உடுத்திய உடைகளில் துணி அதிகம். ஆகவே ஆண்களைவிடப் பெண்கள் சற்றுக் கூடுதலாக ஓசையைக் குடித்தார்கள்.

காலியான கல்யாண மண்டபத்தில் பேசினால் 'கண கண' என்று கேட்கும். கூட்டம் நிறைந்தபிறகு அப்படிக் கேட்காது. அதற்குக் காரணம் இதுதான்.

தாயிடம் சொன்ன செய்தி

இந்த அளவுகளைக் கொண்டு 1898-ல் பாக் மண்டபத்தைச் சரிப்படுத்தினார். மயிரை அழுத்திச் செய்த தடித்த விரிப்புகளைச் சுவர்களில் பொருத்தினார். மண்டபம் மிகச் சிறந்ததாக ஆகிவிடவில்லை. ஆனால் பாடம் நடத்தத் தகுதியானதாக ஆகிவிட்டது. மாணவர்களுக்கு ஆசிரியரின் பேச்சு புரிந்தது.

அதே சமயத்தில் பாஸ்டன் நகரத்தில் பெரிய சங்கீத மண்டபம் ஒன்று கட்டும் ஏற்பாடு நடந்தது. ஹென்றி லீ ஹிக்கின்சன் என்ற செல்வர் அதற்கு முன்நின்றார். மண்டபத்தின் ஓசை நன்றாக இருப்பதற்கு சேபைனின் உதவி தேவை என்று எலியட் மூலமாகக் கேட்டார்கள்.

சேபைன் தயங்கினார். கட்டிய மண்டபத்தைச் சரிசெய்வது வேறு. கட்டாத மண்டபத்துக்கு ஜாதகம் கணிப்பது வேறு! மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த அளவுகள் குவிந்து கிடந்தன. ஆனால் அவை எல்லாவற்றையும் கட்டிப்போடும் ஒரு விதி அவருக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் உட்கார்ந்து கணக்குகளை மறுபடியும் மறுபடியும் பார்த்தார்.

1898-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ந் தேதி இரவு. திடீரென்று அவருக்கு விளங்கிவிட்டது! இதுவரை மெத்தைகள் குடித்த ஓசையை மட்டும் கணக்கில் வைத்திருந்தார். மண்டபத்தின் சுவரும் தரையும் கூரையும்கூடக் கொஞ்சம் குடிக்கின்றன. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எல்லா அளவுகளும் ஒரே அழகான வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன.

அமைதியே உருவான சேபைன் அன்று மகிழ்ச்சி தாங்காமல் கூவினார். தாயிடம் போய்ச் செய்தியைச் சொன்னார். விடையை முதலில் கேட்டவர் அந்தத் தாய்தான்.

விதி மிகவும் எளியது. மண்டபத்தின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை 0.16 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். ஓசையைக் குடிக்கும் பொருள்களின் மொத்த சக்தியால் வகுக்க வேண்டும். வருவதுதான் ஓசை தங்கும் நேரம்.

ஓர் உதாரணம். 1,000 கன மீட்டர் உள்ள ஒரு மண்டபம். அதில் உள்ள பொருள்கள் 100 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். அங்கே ஓசை 1.6 வினாடி தங்கும். குடிக்கும் சக்தியை 200 ஆக்கினால் 0.8 வினாடிதான் தங்கும்.

செங்கல் ஒன்றைக்கூட வைப்பதற்கு முன்பே, காகிதத்தில் கணக்குப் போட்டு ஓசையைச் சொல்லிவிடலாம்!

பாஸ்டன் மண்டபம்

சேபைன் இப்போது தைரியமாக ஒப்புக்கொண்டார்.

மெக்கிம் என்ற புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர் முதலில் கிரேக்க நாடக அரங்கைப் போல அரை வட்டமாகக் கட்ட நினைத்திருந்தார். பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டது. ஜெர்மனியில் லீப்சிக் நகரத்தில் அப்போது இருந்த புகழ் பெற்ற மண்டபத்தைப் போல நீள் சதுரமாகக் கட்ட முடிவாயிற்று. ஆனால் பாஸ்டனுக்கு இன்னும் அதிகமான ஆட்கள் உட்கார இடம் வேண்டும்.

அதற்காக லீப்சிக் மண்டபத்தை அப்படியே பெரிதாக்கினால் என்ன? சேபைன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓசை 3 வினாடிக்கு மேல் தங்கும் என்று தெரிந்தது. சங்கீதம் குழம்பிவிடும். ஆகவே நீளம், உயரம், மேல்மாடம் எல்லாவற்றையும் கணக்குப்படி மாற்றச் சொன்னார். லீப்சிக் மண்டபத்தில் ஓசை தங்கும் நேரம் 2.30 வினாடி என்று கணக்கிட்டார். பாஸ்டனுக்கு 2.31 வினாடி என்று வகுத்தார்.

1900-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி மண்டபம் திறக்கப்பட்டது. விஞ்ஞானக் கணக்கின்படி ஓசையை வகுத்துக் கட்டிய முதல் சங்கீத மண்டபம் அதுதான்.

அதே ஆண்டில்தான் சேபைனுக்குத் திருமணமும் நடந்தது. மனைவி ஜேன் கெல்லி ஒரு டாக்டர். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

பழியும் புகழும்

மண்டபம் திறந்ததும் சேபைனுக்குப் பாராட்டு குவிந்ததா? இல்லை.

சில சங்கீத விமர்சகர்கள் குறை சொன்னார்கள். பழைய மண்டபத்தில் இருந்த நிறைவு இதில் இல்லை என்றார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள்.

எத்தனையோ இரவுகளின் உழைப்பு. சேபைனின் மனம் புண்பட்டது. ஆனால் அவர் யாரோடும் வாதாடவில்லை. அந்த மண்டபத்தைப் பற்றி வெளியில் பேசுவதையே விட்டுவிட்டார்.

காலம் தீர்ப்பு சொன்னது. வியன்னா, ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபங்களோடு பாஸ்டன் மண்டபமும் உலகிலேயே மிகச் சிறந்த மூன்று சங்கீத மண்டபங்களில் ஒன்றாகப் பிற்காலத்தில் பெயர் பெற்றது.

காற்றும் ஓசையும்

மண்டபங்களுக்குக் காற்று வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரும் இடத்தில் ஜன்னல் மட்டும் போதாது. இயந்திரக் காற்றாடிகளைக் கொண்டு காற்றை உள்ளே தள்ளும் முறை சேபைன் காலத்திலேயே வந்துவிட்டது.

அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. மேடையிலிருந்து மக்கள் பக்கமாகக் காற்றை வீசச் செய்தால், பேச்சாளரின் குரலை அது சுமந்து கொண்டு போகும் என்று பலர் நம்பினார்கள்.

சேபைன் 1910-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓசை ஒரு வினாடியில் சுமார் 1,100 அடி ஓடுகிறது. மண்டபத்துக் காற்றோ மிக மெதுவாக நகர்கிறது. குதிரையில் போகிறவனை எறும்பு சுமக்க முடியுமா? காற்றினால் அந்த உதவி கிடைக்காது என்று காட்டினார்.

ஆனால் வேறு ஒரு ஆபத்தையும் எடுத்துச் சொன்னார். ஓர் இடத்தில் சூடான காற்றும் இன்னோர் இடத்தில் குளிர்ந்த காற்றுமாக இருந்தால் ஓசை வளைந்து போகும். ஆகவே மண்டபம் முழுவதும் ஒரே சீரான வெப்பம் இருக்கும்படி காற்றை விட வேண்டும் என்றார்.

1915-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது எப்படி என்பது அதன் பொருள்.

போர் வந்தது

முதல் உலகப் போர் மூண்டது. சேபைன் 1916-ல் ஐரோப்பாவுக்குப் போனார். பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் செய்தார். போரினால் துன்பப்பட்டவர்களுக்கு உதவும் பணியிலும் ஈடுபட்டார். அங்கே அவருக்கு சிறுநீரகத்தில் நோய் கண்டது.

நோய் முழுவதும் குணமாகவில்லை. அதற்குள் அமெரிக்காவும் போரில் இறங்கியது. விமானங்களைப் பற்றிய விஞ்ஞான வேலைக்கு சேபைனை அழைத்தார்கள். போர் முனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார். நாடு திரும்பியதும் தலைநகரமான வாஷிங்டனில் வேலை. ஹார்வர்டில் பாடம் நடத்துவதையும் விடவில்லை. இரண்டு ஊர்களுக்கும் ரயிலில் மாறி மாறிப் போய்வந்தார்.

ஆபரேஷன் செய்ய வேண்டிய உடம்பு. வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. சேபைனின் உடம்பு தாங்கவில்லை. 1919-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி அவர் இறந்தார். வயது 50.

இல்லினாய் மாநிலத்தில் ஜெனீவா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பேபியன் என்ற செல்வர் சேபைனுக்காகவே ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்டிக்கொடுத்தார். வெளிச் சத்தம் நுழையாத அறை. இனி இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மெத்தை சுமக்க வேண்டாம். ஆனால் அங்கே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய சேபைனுக்குக் கொடுத்துவைக்கவில்லை! அவருடைய உறவினர் பால் சேபைன் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

காற்றாடியின் இரைச்சல்

சேபைன் மறைந்தபிறகு கட்டிடங்கள் மாறின. காற்றைக் குளிரச் செய்யும் இயந்திரங்கள் வந்தன. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சினிமா கொட்டகை, அலுவலகம் எல்லாவற்றிலும் காற்றுக் குழாய்கள் ஓடின.

காற்றோடு கூட இரைச்சலும் வந்தது!

இந்த இரைச்சல் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, காற்றாடியும் மோட்டாரும் போடும் சத்தம். அதன் அதிர்ச்சி தரையிலும் சுவரிலும் பரவுகிறது.

இரண்டாவது, காற்றுக் குழாய். வெறும் தகரக் குழாய் ஓசையைச் சுமந்து செல்லும். இயந்திர அறையின் சத்தம் படுக்கை அறைக்கு வந்துவிடும். ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும்.

மூன்றாவது, காற்று வெளியே வரும் கம்பித் தட்டி. சின்ன வாய் வழியாகக் காற்று வேகமாகப் பாய்ந்தால் 'உஸ்' என்று இரைச்சல் போடும்.

இதை அடக்குவதற்கு சேபைன் காட்டிய வழிதான் வழி. முதலில் அள, பிறகு அடக்கு!

1920-களில் ஓசையின் பலத்தை அளக்கும் அளவு ஒன்று வந்தது. அதுதான் டெசிபல். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் பெயரால் ஏற்பட்டது. மெல்லக் கிசுகிசுத்தால் சுமார் 30 டெசிபல். சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல்.

ஒரு காற்றாடி எவ்வளவு சத்தம் போடும் என்று எப்படி அளக்கிறார்கள்? கெட்டியான சுவர்கள் உள்ள அறையில் காற்றாடியை ஓடவிடுகிறார்கள். அறையில் எத்தனை டெசிபல் என்று பார்க்கிறார்கள். அந்த அறை எவ்வளவு ஓசையைக் குடிக்கிறது என்பதையும் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி? ஓசை தங்கும் நேரத்தை அளந்து, சேபைனின் விதியில் போட்டுப் பார்க்கிறார்கள்! இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் காற்றாடி வெளிவிடும் சத்தத்தின் அளவு கிடைத்துவிடுகிறது.

பிறகு அடக்கும் வேலை.

காற்றாடியை ஸ்பிரிங்கின் மேலோ ரப்பரின் மேலோ நிறுத்துகிறார்கள். அதிர்ச்சி தரைக்குப் போவதில்லை. காற்றாடிக்கும் குழாய்க்கும் நடுவில் கித்தான் துணியால் ஓர் இணைப்புக் கொடுக்கிறார்கள். குழாயின் உள்பக்கத்தில் கண்ணாடி நாரினால் செய்த மெத்தையை ஒட்டுகிறார்கள். ஓசை குழாயில் போகப் போக மெத்தை அதைக் குடித்துவிடுகிறது. சேபைன் அன்று நள்ளிரவில் பரப்பிய மெத்தைதான் வேறு உருவத்தில் குழாய்க்குள் போயிருக்கிறது!

காற்றின் வேகத்தையும் குறைக்கிறார்கள். ஒரே காற்றாடி இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடிவிடும். ஆகவே பெரிய காற்றாடியை மெதுவாகச் சுற்ற விடுவது நல்லது. அகலமான குழாயில் காற்றை மெதுவாக அனுப்புவதும் நல்லது.

கடைசியில், காற்று வந்து சேரும் அறை. அந்த அறையில் ஓசையைக் குடிக்கும் பொருள்களை இரண்டு மடங்கு ஆக்கினால் இரைச்சல் 3 டெசிபல் குறையும். அதற்கு மேல் குறையாது. அறையில் மட்டும் மெத்தை போட்டுப் பயன் இல்லை. சத்தம் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்பதையும் சேபைனின் கணக்கே சொல்லிக்கொடுக்கிறது.

இது வெறும் சுகத்துக்காகச் செய்கிற வேலை அல்ல. இரைச்சல் உள்ள வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாடம் கேட்காது. ஆசிரியருக்குத் தொண்டை கட்டும். நோயாளிக்குத் தூக்கம் வராது. படுக்கை அறையிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் 30 டெசிபலுக்கு மேல் இரைச்சல் கூடாது, வகுப்பறையில் 35 டெசிபலுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட அறிக்கையில் யோசனை கூறியது.

அமைதியே நினைவுச் சின்னம்

சேபைன் எழுதிய கட்டுரைகள் மிகக் குறைவு. அவர் இறந்த பிறகு, 1922-ல், அவற்றைத் தொகுத்து ஒரே புத்தகமாக ஹார்வர்டு வெளியிட்டது.

ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் ஓசையைக் குடிக்கும் அளவுக்கு 'சேபின்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். அமெரிக்க ஒலியியல் சங்கம் 1957 முதல் அவர் பெயரால் பதக்கம் வழங்கி வருகிறது.

ஆனால் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம் வேறு.

ஆபரேஷன் முடிந்த நோயாளி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மேலே தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று வருகிறது. சத்தம் இல்லை. நோயாளி நன்றாகத் தூங்குகிறார். காற்று எங்கிருந்து வருகிறது என்றுகூட அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தூங்காமல் கழித்த எத்தனையோ இரவுகள் இருக்கின்றன.